மாலை ஆறு மணிக்கு மட்டும் என் மகள் ஏன் இப்படி மாறுகிறாள்?

கேள்வி: எனக்கு நாலரை வயதில் ஒரு மகள், ஒன்பது மாதத்தில் ஒரு மகன். வேலைக்குத் திரும்பி மூன்று மாதம் ஆகிறது. பகலில் மகனை என் அம்மா பார்த்துக்கொள்கிறார். மகளைப் பள்ளியிலிருந்து நான்தான் அழைத்து வருகிறேன். பகல் முழுக்கத் தங்கமான பிள்ளை என்று ஆசிரியை சொல்கிறார். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்று என்றதும் முரண்டு தொடங்கிவிடுகிறது. தம்பியைக் கிள்ளுகிறாள். ஒரு வருடமாக நின்றிருந்தது, இப்போது மறுபடியும் படுக்கையை நனைக்கிறாள். இரவு பத்து மணி வரை தூக்கமே வருவதில்லை, துள்ளிக்கொண்டே இருக்கிறாள். சமாளிக்க முடியாமல் எட்டரைக்கு மேல் போனைக் கொடுத்துவிடுகிறேன். காலை ஆறரைக்கு எழுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. எட்டு மணிக்கு வரும் அவள் அப்பாவிடம் சிரித்து விளையாடுகிறாள். போன வாரம் என்னை மீறிக் கத்திவிட்டேன், கையில் ஓர் அடியும் வைத்துவிட்டேன். "நீ நல்ல அம்மா இல்ல" என்றாள். குளியலறையில் போய் அழுதேன். நான் எங்கே தவறுகிறேன்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிறபோக்கில் எழுதிய ஒரு விவரத்தில்தான் என் கண் நின்றது. இரவு பத்து மணிக்குத் தூங்குகிறாள், காலை ஆறரைக்கு எழுப்புகிறீர்கள். எட்டரை மணி நேரம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில், மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று சொல்கிறது. இருப்பதில் குறைந்த கணக்கையே எடுத்துக்கொண்டாலும் உங்கள் மகளுக்குத் தினமும் ஒன்றரை மணி நேரம் குறைகிறது. ஐந்து பள்ளி நாட்களில் ஏழரை மணி நேரம். கிட்டத்தட்ட ஓர் இரவுத் தூக்கத்தை முழுசாக இழந்த குழந்தையோடுதான் வெள்ளிக்கிழமை மாலை நீங்கள் மல்லுக்கட்டுகிறீர்கள்.

"தூக்கமே வருவதில்லை, துள்ளுகிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்து அவளுக்குத் தூக்கம் குறைவாகப் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். களைத்துப்போன பெரியவர்கள் ஓரமாகச் சாய்ந்துவிடுவோம். களைத்துப்போன சின்னக் குழந்தை பெரும்பாலும் அதற்கு நேர்மாறு. ஓடும், சிரிக்கும், காரணமில்லாமல் அழும், ஒன்றும் இல்லாத விஷயத்துக்குத் தரையில் விழுந்து புரளும். தூக்கம் வர வேண்டிய நேரத்தில் தூங்காமல் தள்ளிப்போனால் உடம்பு தன்னை விழிப்பாக வைத்துக்கொள்ளப் போராடும். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அது குறும்பாகவும் திமிராகவும் தெரியும். என் அறைக்கு "ரொம்பச் சேட்டை" என்று அழைத்து வரப்படும் பிள்ளைகளின் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது, எத்தனை மணிக்குத் தூங்குகிறாள், எத்தனை மணிக்கு எழுகிறாள் என்பதைத்தான். அந்தக் கேள்வியிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

மீதிப் பாதி, ஏன் உங்களிடம் மட்டும் என்பது. ஒரு நாலரை வயதுக் குழந்தை பள்ளியில் எவ்வளவு வேலை செய்கிறது என்று நாம் யோசிப்பதில்லை. வரிசையில் நிற்க வேண்டும். பிடித்த பொம்மையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். அழுகை வந்தாலும் அடக்க வேண்டும். ஆசையை அடக்குவது, காத்திருப்பது, கோபத்தைச் சொல்லாக மாற்றுவது ஆகியவற்றைச் செய்கிற மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபது வயதையும் தாண்டும். அவளிடம் இருப்பது அதன் இளம் தளிர். அதை வைத்துக்கொண்டு பகல் முழுக்கத் தாக்குப்பிடித்துவிட்டு வருகிறாள். உங்களைக் கண்டதும் விட்டுவிடுகிறாள். எந்த மடியில் உடைந்தாலும் தள்ளிவிட மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியுமோ அங்கேதான் உடைவாள். செருப்பு அதற்கு ஒரு சாக்கு. ஆசிரியையிடம் தங்கமாக இருப்பதும் உங்களிடம் முரண்டு பிடிப்பதும் இரண்டு வேறு குணங்கள் இல்லை. ஒரே நாளின் முன்பாதியும் பின்பாதியும்.

ஆகவே உங்கள் மகளைத் திருத்துவதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மாலை ஆறிலிருந்து இரவு பத்து வரையான அந்த நான்கு மணி நேரத்தைத் திருத்துவோம்.

வீட்டுக்குள் நுழைந்த முதல் பதினைந்து நிமிடத்தில் எந்த வேலையும் வேண்டாம். சமையலறைக்குப் போகாதீர்கள், போனைப் பைக்குள்ளேயே விடுங்கள், "இன்னைக்கு என்ன படிச்ச" என்று கேட்கவும் வேண்டாம். தரையில் உட்காருங்கள். மகன் ஊர்ந்து வந்து மடியில் ஏறுவான். ஒன்பது மாதம் என்பது அம்மா கண்ணை விட்டு மறைந்தால் பதறுகிற பருவம், அவனும் பகல் முழுக்கக் காத்திருந்தவன். மகள் இன்னொரு பக்கம் சாய்வாள், அல்லது சாயாமல் தள்ளி நின்று முறைப்பாள். இரண்டும் சரிதான். செருப்பு அவள் காலிலேயே இருந்தாலும் குடி முழுகிவிடாது. இந்தப் பதினைந்து நிமிடத்தைக் கொடுக்காத நாட்களில் அதைப் போல மூன்று மடங்கு நேரம் அழுகையாகவும் சண்டையாகவும் உங்களிடமிருந்து வசூலாகிவிடும். வீட்டு வேலையைத் தள்ளிப்போட வழியில்லை என்று தோன்றும். ஒரு வாரம் மட்டும் செய்து பாருங்கள்.

அடுத்தது பசி. மாலையில் அவளுக்கு ஏதோ கொறிக்கக் கொடுத்துவிட்டு இரவு உணவை எட்டரைக்கு வைத்தால், ஆறு மணிக்கு முழுப் பசியும் தீராது, எட்டரைக்கு உட்காரும் பொறுமையும் இருக்காது. இரவு உணவையே ஆறரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். குடும்பமாகச் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்ற ஆசை நியாயமானது, அதை விடுமுறை நாட்களில் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது தூக்கம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நல்ல மனது உள்ள பெற்றோர்கள் தோற்றுப்போகிறார்கள். நாளையிலிருந்தே எட்டு மணிக்குப் படுக்க வைக்கலாம் என்று முடிவெடுத்தால் இரண்டு மணி நேரம் இருட்டில் போராட்டம்தான் நடக்கும். அவள் உடம்புக் கடிகாரம் பத்து மணிக்குப் பழகியிருக்கிறது. போதாததற்கு, வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய ஓரிரு மணி நேரம்தான் உடம்பு மிகவும் விழிப்பாக இருக்கும் நேரம். அந்த நேரத்தில் படுக்கச் சொல்லி மிரட்டினால், படுக்கை என்றாலே சண்டை என்று அவள் மனதில் பதிந்துவிடும். அதனால் அவள் நிஜமாகவே தூங்கும் நேரத்திலிருந்து தொடங்குங்கள். முதல் மூன்று நாள் பத்து மணிக்கே படுக்க வையுங்கள், சண்டை இல்லாமல். கால் மணி நேரத்தில் தூங்கிவிட்டால் அடுத்த மூன்று நாள் ஒன்பதே முக்கால். அப்புறம் ஒன்பதரை. இப்படிக் கால் கால் மணியாக எட்டு மணி வரை நகர்த்த மூன்று, நான்கு வாரம் ஆகும். ஏதாவது ஒரு படியில் தூங்க மறுத்தால் இன்னும் இரண்டு நாள் அங்கேயே நில்லுங்கள். காலையில் எழுப்பும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள், விடுமுறையிலும் அரை மணிக்கு மேல் தள்ளிப்போக வேண்டாம். எழுந்ததும் ஜன்னல் பக்கம் கொண்டுவாருங்கள். காலை வெளிச்சம் உடம்புக் கடிகாரத்தை முன்னே தள்ளும், இரவு வெளிச்சம் பின்னே இழுக்கும்.

இரவு வெளிச்சத்தைப் பற்றி அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஒரு சின்ன ஆய்வு உண்டு. மூன்று முதல் ஐந்து வயதுக்குள் பத்துக் குழந்தைகள். படுக்கும் நேரத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம் அவர்களைப் பளிச்சென்ற வெளிச்சத்தில் விளையாட விட்டார்கள். தூக்கத்துக்கு உடம்பைத் தயார்ப்படுத்தும் மெலடோனின் சுரப்பு கிட்டத்தட்ட 88 சதவீதம் குறைந்தது. விளக்கை அணைத்து 50 நிமிடம் ஆன பிறகும் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது பாதி அளவுக்குக்கூடத் திரும்பவில்லை. அந்த ஆய்வில் வைத்த விளக்கு உங்கள் போன் திரையைவிடப் பலமடங்கு பிரகாசமானது, ஆகவே போன் அதே அளவு கெடுக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் குழந்தையின் கண்மணி பெரியவர்களுடையதைவிட அகலமானது, லென்ஸ் தெளிவானது, உள்ளே போகும் வெளிச்சம் அதிகம். எட்டரைக்குப் போன் கையில் இருந்தால் வெளிச்சம் ஒரு பக்கம், அதில் ஓடுகிற காட்சிகளின் பரபரப்பு இன்னொரு பக்கம். பிடுங்கும்போது வரும் அழுகை மூன்றாவது. படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே வீட்டின் பெரிய விளக்குகளை அணைத்துவிட்டு ஒரு சின்ன விளக்கோடு இருங்கள். போனைக் கொடுத்ததற்காக உங்களை நான் குறைசொல்லவில்லை. இரண்டு கையிலும் இரண்டு குழந்தையை வைத்துக்கொண்டு மூன்றாவது கை இல்லாதவர் எடுத்த முடிவு அது.

அந்த மூன்றாவது கை எட்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறது. உங்கள் கணவரிடம் இதைப் படிக்கக் கொடுங்கள். அவர் வந்ததும் மகளைத் தூக்கிச் சுழற்றி விளையாடுவது அவள் நாளிலேயே இனிமையான நேரமாக இருக்கும், அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த விளையாட்டின் விலையை அடுத்த இரண்டு மணி நேரம் நீங்கள் கட்டுகிறீர்கள். ஓட்டமும் கிச்சுகிச்சும் காலை நேரத்துக்கும் விடுமுறைக்கும் போகட்டும். எட்டு மணிக்கு வருகிற அப்பாவின் வேலை மகளுக்குப் பல் துலக்கிவிட்டு, சின்ன வெளிச்சத்தில் ஒரு கதை சொல்லிப் படுக்க வைப்பது. தினமும் அதே வரிசை, அதே கதையாக இருந்தாலும் பரவாயில்லை, பிள்ளைகளுக்கு அலுக்காது. இது உங்களுக்கு அவர் செய்கிற உதவி இல்லை. அது அவருடைய வேலை, தொடக்கத்திலிருந்து முடிவு வரை. நடுவில் "அம்மாதான் வேணும்" என்று அழுகை வரும். முதல் நான்கைந்து நாள் நீங்கள் கதவுக்கு வெளியே பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். உள்ளே ஓடாதீர்கள். படுக்கும் நேரம் முன்னே நகர நகர, அவர் வருவதற்கும் அவள் படுப்பதற்கும் நடுவில் இடைவெளி குறையும். வாரத்தில் இரண்டு நாளாவது அவரால் சீக்கிரம் கிளம்பி வர முடியுமா என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.

கிள்ளுவதைப் பற்றி. தம்பி பிறந்தபோது சும்மா இருந்தவள் இப்போது கிள்ளுகிறாள் என்றால் வியப்பில்லை. தொட்டிலில் கிடந்தவரை அவனால் ஆபத்தில்லை. இப்போது ஊர்ந்து வந்து அவள் பொருளை இழுக்கிறான், அடுக்கியதைக் கலைக்கிறான், எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நீங்கள் வேலைக்குத் திரும்பியதும் அதே மூன்று மாதத்துக்குள் நடந்திருக்கிறது. தம்பியால் அம்மா பாதி போனாள், வேலையால் மீதிப் பாதி போனாள் என்பதுதான் அவள் கணக்கு. "நீ பெரியவ, விட்டுக்கொடு" என்ற வார்த்தையைக் கொஞ்ச நாள் வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம், உங்கள் அம்மாவும்தான். கிள்ளியவுடன் நடுவில் உங்கள் கையை வைத்துத் தடுங்கள். "கிள்ள விட மாட்டேன். தம்பிக்கு வலிக்கும்." அவ்வளவு போதும், குரல் உயர வேண்டாம், நீளமான விளக்கமும் வேண்டாம். அழுகிற தம்பியை ஒரு கையால் அணைத்துக்கொண்டு மறு கையால் அவளையும் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அவள் கோபத்துக்கு நீங்களே சொல் கொடுங்கள்: "அவன் உன் வீட்டைக் கலைச்சிட்டான், உனக்குக் கோபம் வந்துச்சு." அவன் கை எட்டாத உயரத்தில் அவளுக்கென்று ஒரு மேசை போட்டுவிடுங்கள், பாதிச் சண்டை அங்கேயே நிற்கும். இருவரையும் தனியாக ஒரே அறையில் இப்போதைக்கு விடாதீர்கள்.

இன்னொன்று, நான் பல அம்மாக்களிடம் சொல்லி நல்ல பலன் கண்டது. "இரு, தம்பி தூங்கட்டும்", "இரு, தம்பிக்குப் பால் கொடுத்துட்டு வரேன்" என்று ஒரு நாளில் எத்தனை தடவை அவளிடம் சொல்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். அதையே ஒரு தடவையாவது அவள் காதில் விழும்படி தம்பியிடம் சொல்லுங்கள்: "இருடா, அக்காவுக்குத் தலை பின்னிவிட்டுட்டு வரேன்." ஒன்பது மாதப் பிள்ளைக்கு அதன் பொருள் புரியாது. சொல்லப்படுவது அவனுக்கு இல்லை.

படுக்கை நனைப்பதற்குத் திட்ட வேண்டாம், கேலி வேண்டாம், காலையில் மற்றவர்கள் முன்னால் பேச்சே வேண்டாம். ரப்பர் விரிப்பு போடுங்கள், தூங்கும் முன் ஒரு தடவை கழிவறைக்குக் கூட்டிப்போங்கள். ஐந்து வயது வரை இரவில் நனைப்பதை மருத்துவத்தில் கோளாறாகவே எடுப்பதில்லை. தம்பி பிறந்த பிறகும் அம்மா வேலைக்குப் போன பிறகும் இது திரும்பி வருவது சகஜம். ஆனாலும் ஒரு வருடம் நின்று மறுபடி தொடங்கியிருப்பதால் ஒரு தடவை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மலச்சிக்கல் இருந்தால் அது சிறுநீர்ப்பையை அழுத்தி நனைக்க வைக்கும், வீட்டில் யாருக்கும் தோன்றாத காரணம் இது. சிறுநீரில் தொற்று இருக்கலாம், எளிய பரிசோதனையில் தெரிந்துவிடும். ஓயாமல் தண்ணீர் கேட்கிறாள், அடிக்கடி போகிறாள், எடை குறைகிறது, சோர்ந்து கிடக்கிறாள் என்று இருந்தால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள், அன்றே ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும். அதோடு அவள் தூங்கும்போது பக்கத்தில் நின்று கேளுங்கள். தினமும் குறட்டை விடுகிறாளா, வாயால் மூச்சு விடுகிறாளா, மூச்சு நின்று நின்று வருகிறதா? மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு என்ற சதை வீங்கியிருக்கும் பிள்ளைகள் பத்து மணி நேரம் படுத்திருந்தாலும் தூங்காதவர்கள் மாதிரியே எழுவார்கள், படுக்கையையும் நனைப்பார்கள்.

இனி அந்த அடி. அடித்தது தவறு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் எழுதியிருக்கிறீர்கள். நான் மேலே ஏறி நின்று சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு அவளிடம் அதைப் பற்றிப் பேசினீர்களா என்று கடிதத்தில் இல்லை. பேசியிருக்காவிட்டால் இப்போதும் பேசலாம், ஒரு வாரம் தாமதம் ஒன்றும் பெரிதில்லை. இருவரும் அமைதியாக இருக்கிற ஒரு நேரத்தில் சொல்லுங்கள்: "அன்னைக்கு அம்மா கத்திட்டேன், கையில அடிச்சிட்டேன். அது தப்பு. உனக்குப் பயமா இருந்திருக்கும்." இங்கே நிறுத்திவிடுங்கள். "ஆனா நீயும் ஏன் அப்படிப் பண்ணின" என்று ஒரு வார்த்தை சேர்த்தாலும் மன்னிப்பு குற்றச்சாட்டாகிவிடும். இனிமேல் கத்தவே மாட்டேன் என்று வாக்கும் கொடுக்க வேண்டாம்.

எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் ஒரு பரிசோதனை செய்தார். குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் அம்மா, சட்டென்று முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் ஓரிரு நிமிடம் அசையாமல் இருப்பார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், கூப்பிடும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். அம்மாவின் முகம் திரும்பி வந்ததும் இருவரும் மெல்ல மெல்ல மறுபடி சேர்ந்துகொள்வார்கள். அவருடைய தொடர் ஆய்வுகளில் தெரிந்தது, நன்றாக ஒட்டி வாழும் அம்மாவும் குழந்தையும்கூடப் பெரும்பாலான நேரம் ஒருவருக்கொருவர் இசைந்திருப்பதில்லை என்பது. விலகுவதும் மறுபடி சேர்வதுமாகத்தான் நாள் போகிறது, அந்தச் சேர்தலிலிருந்துதான் குழந்தைக்கு நம்பிக்கை வருகிறது. "நீ நல்ல அம்மா இல்ல" என்றாளே, அவளிடம் அந்த நேரத்தில் இருந்த மிகக் கனமான சொல் அதுதான், எடுத்து வீசியிருக்கிறாள். அதை ஒரு தீர்ப்பாக எடுத்துக்கொண்டு நீங்கள் ஒரு வாரமாகச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். அவள் பத்து நிமிடத்தில் மறந்திருப்பாள்.

மறுபடியும் அந்த அளவுக்குக் கோபம் ஏறுகிறது என்று தெரிந்தால், மகனைத் தொட்டிலில் வைத்துவிட்டு, மகளிடம் "அம்மா ரெண்டு நிமிஷத்துல வரேன்" என்று சொல்லி, காதுக்கு எட்டும் தூரத்தில் தள்ளிப் போய் நில்லுங்கள். இருவரும் அழட்டும், பாதுகாப்பான இடத்தில் சில நிமிடம் அழுவதால் கேடில்லை. கைக்குழந்தையை மட்டும் எந்த நிலையிலும் பிடித்து உலுக்கிவிடக் கூடாது. சில நொடி உலுக்கினாலே மூளையில் ரத்தம் கசியலாம், உயிருக்கே ஆபத்து. இதை உங்கள் அம்மாவிடமும் கணவரிடமும் சொல்லி வையுங்கள். நல்லவர்கள் கையிலும் களைப்பில் இது நடந்திருக்கிறது.

கடைசியாக உங்களைப் பற்றிக் கேட்கிறேன். குளியலறையில் அழுதது அந்த ஒரு நாள் மட்டுமா? குழந்தை தூங்கும்போதுகூட உங்களுக்குத் தூக்கம் வராமல் இருக்கிறதா, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போயிருக்கிறதா, நான் இல்லாமல் இருந்தால் இவர்கள் நன்றாக இருப்பார்கள் என்று எப்போதாவது தோன்றியதா? பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு முதல் சில வாரங்களில்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். எடின்பரோ அளவுகோல் என்று 1987 முதல் புழக்கத்தில் இருக்கும் பத்துக் கேள்விகள் உண்டு, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், உங்கள் மருத்துவரிடமே அதைக் கேட்டு வாங்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இப்படியே இருந்தால் போய்ப் பாருங்கள். பேச்சு சிகிச்சை உண்டு, பால் கொடுக்கும்போதே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகளும் உண்டு. உயிரை விட்டுவிடலாம், குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவேனோ என்ற எண்ணம் ஒரு தடவை வந்திருந்தாலும் இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி, அவரோடு மருத்துவமனைக்குப் போங்கள். காலைவரை காத்திருக்க வேண்டாம்.

அப்படி எதுவும் இல்லை, களைப்புதான் என்றால், உங்கள் தூக்கமும் இந்தத் திட்டத்தில் ஒரு பகுதி. மகள் எட்டு மணிக்குத் தூங்கத் தொடங்கும் நாளில் வீட்டு வேலையை எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள், வாரத்தில் மூன்று நாளாவது ஒன்பதரைக்கு நீங்களும் படுத்துவிடுங்கள். இன்றிரவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. சண்டையில்லாமல் அவள் போக்கில் விட்டு, கண் அசருகிற நேரத்தை ஒரு தாளில் எழுதுங்கள். நாளை, நாளை மறுநாள் இரவும் அப்படியே. மூன்றையும் பார்த்து முதல் கால் மணியை நகர்த்தலாம். ஒரு மாதம் கழித்து அந்தத் தாளோடு எனக்கு எழுதுங்கள்.